நாற்பது நொடி

நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, "நல்ல வேகமான கை." பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அது சின்னப் பாராட்டு இல்லை. என் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கையில் நரம்பு தேடி ஊசி ஏற்ற வேண்டும். அலாரம் அடிக்கும் மூன்று படுக்கைகளுக்கு நடுவே நின்று மருந்து கலக்க வேண்டும். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் எல்லாக் குழந்தைகளின் ரத்தமும் லேபுக்குப் போயிருக்க வேண்டும். "அவ டியூட்டியில இருந்தா கவலையில்ல, மடமடன்னு முடிச்சிருவா" என்று எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் சொல்வது காதில் விழும்போது அவ்வளவு பெருமையாக இருக்கும். அந்த வேகத்தைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். பல வருடமாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது.

அந்தக் குழந்தை ஆம்புலன்ஸில் வந்தாள். தென் மாவட்டம் ஒன்றில் நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனைக்கு, இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு சிறிய இடத்திலிருந்து. 28 வாரம், 960 கிராம். அம்மாவுக்கு வலி எடுத்து உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டதாம். குழந்தையின் நுரையீரல் பக்குவப்பட அம்மாவுக்கு முன்கூட்டியே போடும் ஊசி போடவில்லை. வந்து சேர்ந்தபோது குழந்தையின் உடம்பு சில்லென்று இருந்தது. வென்டிலேட்டர் போட்டு, நுரையீரலுக்குள் மருந்து விட்டு, தொப்புள் வழியாக இரண்டு லைன் போட்டு முடிப்பதற்குள் நள்ளிரவு தாண்டிவிட்டது. அன்று என் பொறுப்பில் ஐந்து குழந்தைகள். இவளுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு பார்க்க வேண்டும். நான் வழக்கம்போல் செய்தேன். தொப்புள் லைனில் சிரிஞ்சை மாட்டி, ஒரே இழுப்பில் ரத்தம் எடுத்து, லைன் அடைக்காமல் இருக்க ஒரே அழுத்தில் சலைன் விட்டு மூடினேன். ஐந்தாறு நொடிகூட ஆகியிருக்காது. இரண்டு கணுக்காலையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்துத் தூக்கி, நாப்கின் மாற்றிவிட்டு அடுத்த குழந்தையிடம் போனேன்.

மூன்றாம் நாள் டாக்டர் உச்சிக்குழியில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். வலது பக்கம் மூளைக்குள் ரத்தம் கசிந்து, அறை நிரம்பி வீங்கியிருந்தது. கிரேடு மூன்று. நான்குதான் மிக மோசம்.

அவளுடைய அம்மா சக்கர நாற்காலியில் வந்து கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் விளக்கிவிட்டுப் போன பிறகு என்னைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றுதான். "தங்கச்சி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க பஸ்ல போனேன் சிஸ்டர். ரோடு ரொம்ப மோசம். அதனாலதானா?" இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அந்த "இல்லை"யைச் சொல்லும்போதே என் கட்டைவிரல் சிரிஞ்சை அழுத்திய வேகம் எனக்கு ஞாபகம் வந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நாற்றங்கால்

இந்தக் கசிவு எங்கே தொடங்குகிறது என்று எங்கள் டாக்டர் ஒருமுறை எங்களுக்கு வரைந்து காட்டினார். மூளையின் நடுவே நீர் நிற்கும் அறைகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில், கருவில் இருக்கும்போது மட்டும், ஒரு திசுப்படுகை உண்டு. மூளையின் செல்கள் அங்கே முளைத்து, அங்கிருந்து கிளம்பி மேல்பகுதிக்குப் போய் அமர்கின்றன. எனக்கு அதைப் பார்த்ததும் எங்கள் ஊர் நாற்றங்கால்தான் நினைவுக்கு வந்தது. நெருக்கமாக முளைக்கும், பிடுங்கி வேறு வயலில் நடுவார்கள், பிறகு அந்த இடம் வெறுமையாகிவிடும். மூளையின் இந்த நாற்றங்காலும் 32, 34 வாரத்துக்குள் ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் அது இருக்கும் வரை அங்கே ரத்த ஓட்டம் அதிகம், ரத்த நாளங்களின் சுவரோ மிக மெல்லியது. முழு மாதக் குழந்தையின் உடம்பில் ரத்த அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும், மூளைக்குப் போகும் ரத்தத்தை மூளை தானே சமன்படுத்திக்கொள்ளும். குறைமாதக் குழந்தைக்கு அந்தத் திறன் இன்னும் வந்திருக்காது. உடம்பில் அழுத்தம் ஏறினால் அப்படியே மூளையிலும் ஏறும், இறங்கினால் அங்கேயும் இறங்கும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் மடையை ஒரேயடியாகத் திறக்க மாட்டார். ஈர வரப்பு தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

மடையை ஒரேயடியாகத் திறக்கிற காரியங்கள் எங்கள் பிரிவில் நாள் முழுக்க நடந்துகொண்டிருந்தன. சலைனை வேகமாக ஏற்றுவது, ரத்தத்தைச் சட்டென்று உறிஞ்சுவது, மூச்சு ட்யூபில் சளியை உறிஞ்ச நீண்ட நேரம் சக்‌ஷன் போட்டுக் குழந்தையைத் திணறடிப்பது, காலைத் தூக்கும்போது உடம்பின் கீழ்ப்பாதி ரத்தம் தலைப்பக்கம் பாய்வது. தலையை முழுக்க ஒரு பக்கம் திருப்பி வைத்தால் கழுத்து நரம்பு மடங்கி, தலையிலிருந்து இறங்க வேண்டிய ரத்தம் தேங்கும். வென்டிலேட்டரில் காற்று கொஞ்சம் அதிகமாகப் போனால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு இறங்கி மூளை நாளங்கள் சுருங்கும். குறைவாகப் போனால் அது ஏறி நாளங்கள் விரியும். இந்த ஏற்ற இறக்கம்தான் ஆபத்து. கசிவுகளில் பெரும்பாலானவை பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் நடந்துவிடுகின்றன, அதிலும் ஏறக்குறைய பாதி முதல் நாளிலேயே. குழந்தையின் நிலை மிகவும் மோசமாக இருக்கும் நாட்களும் அவைதான். நாம் அதை அதிகம் தொடும் நாட்களும் அவைதான்.

இதெல்லாம் வெளியே தெரியாமலே நடக்கலாம் என்பதுதான் என்னை ரொம்பப் பாதித்தது. 1978ல் பாப்பில் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1,500 கிராமுக்குக் குறைந்த எடையில் பிறந்த 46 குழந்தைகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 20 பேருக்கு ரத்தக்கசிவு இருந்தது. கசிவோடு உயிர் பிழைத்த குழந்தைகள் பலரிடம் அதற்கான வெளி அறிகுறியே இல்லை. இன்றும் நாங்கள் சொல்லும் கிரேடு ஒன்று முதல் நான்கு வரையான கணக்கு அந்த ஆய்விலிருந்து வந்தது. ஒரு நர்ஸாக எனக்கு அது சொல்வது இதுதான்: என் கை செய்ததை அந்தக் குழந்தை என்னிடம் சொல்லாது.

பேனாக் கோடுகள்

அந்தக் குழந்தை, மூளையில் தேங்கும் நீரை வடிக்கக் குழாய் வைக்கும் ஷன்ட் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போய் ஒரு வருடம் இருக்கும். 26 வாரத்தில் பிறந்த ஒரு பையன் எங்கள் பிரிவில் இருந்தான். அன்று எனக்கு எக்ஸ்ட்ரா டியூட்டி, அபூர்வமாக அவன் ஒருவன் மட்டும்தான் பொறுப்பு. ஏதோ தோன்றியது. சார்ட்டின் பின்பக்கம், யார் அவனைத் தொட்டாலும் ஒரு கோடு போடுவது என்று ஆரம்பித்தேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஒரு கோடு. எக்ஸ்ரே தட்டை அடியில் செருகினால் ஒரு கோடு, எடுத்தால் இன்னொன்று. பி.பி. கஃப், நாப்கின், சக்‌ஷன், குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தது, நழுவிய சென்சாரை ஒட்டியது, பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவர் ஆசையாக விரலைக் கொடுத்துப் பிடிக்கவைத்தது. சர்க்கரை பார்த்து பத்து நிமிடத்தில் லேப் டெக்னீஷியன் வந்து வேறொரு பரிசோதனைக்கு மறுபடி குத்தினார். இரண்டையும் சேர்த்து எடுத்திருக்கலாம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தேன், பன்னிரண்டு மணிக்கு எண்ணினேன். 41 கோடு. அதில் 17 நான் போட்டுக்கொண்டது. நான்கு மணி நேரத்தில் ஒரு தடவைகூட அவனைத் தொடர்ச்சியாக இருபது நிமிடம் நாங்கள் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு கோட்டுக்கும் நியாயம் இருந்தது, ஒன்றுகூட அலட்சியத்தில் நடந்ததில்லை. பாதிக்கு மேல் அவனுடைய நல்லதுக்காகச் செய்தது. ஆனால் கோடுகளுக்குப் பக்கத்தில் மானிட்டரைப் பார்த்துப் பார்த்து எழுதி வைத்திருந்தேன். தொட்டதும் ஆக்சிஜன் இறங்குகிறது. அதைப் பார்த்து நாம் ஆக்சிஜனை ஏற்றுகிறோம். அப்புறம் அது அளவுக்கு மேல் போகிறது. குறைக்கிறோம். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுகிறார்.

ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை அவனை யாரும் தொடக் கூடாது என்று நானே கதவை மூடி, பெட்டியின் மேல் போர்வையைப் போட்டு, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்காருவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா! எழுந்து ஏதாவது செய்யச் சொல்லி விரல் பரபரக்கிறது. அந்த ஒரு மணி நேரமும் மானிட்டரில் எண்கள் ஆடாமல் நின்றன. ஒரு குழந்தை, ஒரு மணி நேரம். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று தெரியும். ஆனால் எட்டு வருடம் அந்தப் பிரிவில் வேலை பார்த்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை.

காலையில் அந்தத் தாளை எங்கள் தலைமை டாக்டரிடம் கொடுத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இதுல என்னோடது எத்தனைம்மா?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். அந்த மாதமே முதல் 72 மணி நேரத்துக்கான முறை ஒன்றை எழுதிப் பெட்டிகளில் ஒட்டினோம். தலை தொப்புளுக்கு நேராக, இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு, தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக. நாப்கின் மாற்றக் காலைத் தூக்காமல், உடம்பு தலை எல்லாம் ஒரே கோட்டில் வர லேசாகச் சாய்க்க வேண்டும். சக்‌ஷன் தேவைப்பட்டால் மட்டும், அதுவும் இரண்டு பேராக. மூன்று நாள் எடை பார்க்க வெளியே தூக்குவதில்லை. டாக்டர் பார்ப்பது, ரத்தம் எடுப்பது, நாப்கின் மாற்றுவது எல்லாம் ஒரே நேரத்தில் முடித்துவிட்டு விலகிவிட வேண்டும். அப்புறம் தொப்புள் லைனில் ரத்தம் எடுக்க 40 நொடி.

அந்த 40 நொடிக்கு ஓர் ஆதாரம் இருந்தது. தொப்புள் தமனி லைனிலிருந்து 20 நொடியில் ரத்தம் எடுத்தபோது குறைமாதக் குழந்தைகளின் மூளையில் ஆக்சிஜன் அளவு இறங்கியதையும், அதே அளவு ரத்தத்தை 40 நொடியில் எடுத்தபோது அப்படி இறங்காததையும் 2003ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியிருந்தது. டாக்டர் அதைச் சொன்னபோது நான் எதுவும் பேசவில்லை. 20 நொடியே அதிக வேகம் என்றால் என்னுடைய ஐந்தாறு நொடியை எதில் சேர்ப்பது?

அவசரமும் காத்திருப்பும்

மென்மையாக இருந்தால் கசிவு வராது என்று இதைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. தலையை நேராக வைப்பதால் கசிவு குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகள் சிறியவை, உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் போதாதவை. செலவு இல்லாதது, கெடுதல் செய்வதாகவும் தெரியவில்லை, காரணம் புரிகிறது. அதனால் செய்கிறோம். பெற்றோரிடம் அதை உத்தரவாதமாகச் சொல்வதில்லை.

பிரசவத்துக்கு முன்னால் நடப்பதுதான் பெரிது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர் செம்மறி ஆடுகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டு, பிழைக்க வாய்ப்பில்லாத நாளில் பிறந்த ஆட்டுக்குட்டி எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம் மூச்சுவிட்டதைக் கவனித்தார். ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 282 தாய்மார்களிடம் அதைச் சோதித்து 1972ல் வெளியிட்டார். நுரையீரலுக்காகப் போட்ட ஊசி, மூளை ரத்தக்கசிவையும் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. ஆனாலும் அமெரிக்காவில் அதைப் பரவலாகப் போடச் சொல்லி ஒரு மாநாடு அறிவித்தது 1994ல்தான். இருபத்திரண்டு வருடம்! நம் ஊரில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. மிக மலிவான மருந்து. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி வந்தால், மேல் மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன் முதல் ஊசியைக் கிராமச் செவிலியரே போடலாம் என்று 2014லேயே மத்திய அரசு வழிகாட்டியிருக்கிறது. அந்த ஊசி முழுதாக வேலை செய்ய ஒரு நாள் வேண்டும். வலியை மருந்தால் நிறுத்தி அந்த ஒரு நாளைச் சம்பாதிக்கத்தான் டாக்டர்கள் போராடுவார்கள். அந்த நாளைப் பயன்படுத்தித் தாயை, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, குறைமாதக் குழந்தைகளைப் பார்க்க வசதியுள்ள இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். பிறந்த பிறகு 960 கிராம் குழந்தையை ஆம்புலன்ஸில் குலுக்கிக்கொண்டு வருவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஸ்கேன்களில் நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆம்புலன்ஸும் அம்மாவின் வயிற்றுக்கு ஈடாகாது.

ஏழு மாதக் குழந்தை தங்கும், எட்டு மாதக் குழந்தை தங்காது என்று இன்னமும் பாட்டிமார் வராந்தாவில் பேசிக்கொள்வார்கள். அது தப்பு. கருவில் கூடும் ஒவ்வொரு வாரமும் அந்த நாளங்கள் உறுதியாகின்றன, ஒவ்வொரு நாளும் லாபம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் காத்திருந்தால் நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குள் மெல்ல இறங்கும். குறைமாதக் குழந்தைக்கு நல்லது. ஆனால் மூச்சுவிடாமல் கிடக்கும் 26 வாரக் குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருக்க யாருக்கு மனம் வரும்? அதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. கொடியை விரலால் உருவி, அந்த ரத்தத்தைச் சில நொடிகளில் குழந்தைக்குள் தள்ளிவிடுவது. பார்க்கவும் கேட்கவும் நியாயமாகத்தான் இருந்தது. 2019ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 23 முதல் 27 வாரக் குழந்தைகளில் கொடியை உருவியவர்களுக்குக் கடுமையான மூளை ரத்தக்கசிவு 22 சதவீதம், காத்திருந்து வெட்டியவர்களுக்கு 6 சதவீதம். அந்த வயதுக் குழந்தைகளிடம் ஆய்வையே நடுவில் நிறுத்தினார்கள். அதே கொடி, அதே ரத்தம். போய்ச் சேர்ந்த வேகம் மட்டும்தான் வேறு. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது நான் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். முதல் வாரத்தில் அவர்கள் கையில் சிரிஞ்சைக் கொடுத்து, சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீரை 40 நொடியில் இழுக்கச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் பதினைந்து நொடியில் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு பெண் போன மாதம் கேட்டாள்: "மேடம், அஞ்சு பேபி கைல இருந்தா நாப்பது செகண்டுக்கு எங்க போறது?" அவள் கேட்டது சரிதான். இதற்கு என்னிடம் பதில் இல்லை, அவளை வேலைக்கு வைக்கும் நிர்வாகத்திடம்தான் இருக்கிறது. ஒரு நர்ஸுக்கு ஒரு குழந்தை, மிஞ்சிப்போனால் இரண்டு என்று முதல் மூன்று நாளைக்காவது விட்டால்தான் மெதுவான கை சாத்தியம். பெட்டியும் வென்டிலேட்டரும் வாங்கித் திறப்புவிழா நடத்துகிறோம். அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு ஆளை உட்காரவைக்கக் காசு இல்லை என்கிறோம். இதில் எனக்கு ஆற்றாமை உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

அந்தப் பெண் குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. இடது காலில் பிளாஸ்டிக் பட்டை போட்டு நடக்கிறாள். கணக்கு கொஞ்சம் மெதுவாகத்தான் வருகிறது, பாட்டு ஒரு தடவை கேட்டால் போதும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளுடைய அம்மா எனக்குப் போன் செய்வார். இந்த வருடமும் செய்தார். பேச்சு முடியும் நேரத்தில் மறுபடி அதே கேள்வி. "அன்னைக்கு அந்தப் பஸ்ல போகாம இருந்திருந்தா…"

இந்தத் தடவை சொல்லிவிட்டேன். பஸ் காரணமில்லை, உங்களுக்கு அந்த ஊசி கிடைக்காதது, குழந்தை பிறந்தபின் அவ்வளவு தூரம் வந்தது, குளிர்ந்துபோனது, இதெல்லாம்தான் பெரிய காரணமாக இருந்திருக்கும். ஆனால் அந்த ராத்திரி நான் அவளிடமிருந்து ரத்தத்தை ரொம்ப வேகமாக எடுத்தேன், மருந்துநீரை ரொம்ப வேகமாக விட்டேன், அதுவும் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது, யாராலும் சொல்ல முடியாது, அதை ஒன்பது வருடமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன் என்றேன். எதிர்முனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. பின்னால் டி.வி. ஓடுவதும், அவள் யாரையோ கூப்பிட்டுப் பாடிக் காட்டுவதும் கேட்டது.

அப்புறம் அவர் கேட்டார். "சாப்டீங்களா சிஸ்டர்?"

இன்னும் இல்லை என்றேன்.

"மொதல்ல போய் சாப்பிடுங்க. நாளைக்குப் பேசுவோம்."